கல்லு ஜோக்

அந்த நகைச்சுவைப் பேச்சாளர் மேடையேறினால் அரங்கமே வயிறு குலுங்கச் சிரிக்கும். வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே மனைவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த எரிச்சலில் போன வாரம் மேடையில், "எங்க வீட்ல எதுக்கும் சிரிக்காத ஒரு கல்லு இருக்கு. கல்யாணம் பண்ணித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று ஒரு போடு போட்டார். முன்வரிசையில் இருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இன்று, "டாக்டர்கிட்ட போறேன், நீங்களும் வாங்க" என்றாள். புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைக்கிற டாக்டர் என்று நினைத்து, மன்னிப்பு வசனத்தோடு போனார்.

டாக்டரம்மா மனைவியிடம்தான் பேசினார். "பயிற்சி பண்ணியும் நிக்கல, இனி ஆபரேஷன்தான். வலை மாதிரி ஒரு நாடாவை உள்ளே வெச்சுத் தாங்கு கொடுத்தா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா சிலருக்கு அந்த வலை பின்னாடி உறுத்தும். உங்க உடம்புலேருந்தே ஒரு திசுப் பட்டை எடுத்து வெச்சா அந்தப் பயம் இல்ல. ஆனா வெட்டு பெரிசு, ஆற நாளாகும்."

அவர் குறுக்கே புகுந்தார். "ஆபரேஷனா! இவளுக்கு என்ன?"

"இவர்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"சொன்னா அதையும் மேடையில ஏத்திடுவாரே, டாக்டர்" என்ற மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "பொண்ணு பிறந்ததுலேருந்தே இருமினா, தும்மினா, சிரிச்சா சிறுநீர் கசிஞ்சிடுதுங்க."

"அப்போ அன்னிக்கு... கோவத்துல ஓடலையா?"

"கோவமா? அந்தக் கல்லு ஜோக்குக்கு வாசல் வரைக்கும்கூடத் தாங்கலீங்க!"