மூன்று நாள் கெடு

அது எல்லாருக்கும் பொதுவான தோட்டம். யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். மூன்று நாளுக்குள் மாமரத்தடிக்கு வந்து யாரும் மறுக்காவிட்டால், அதுதான் முடிவு.

“மரத்தைச் சுத்திக் களை மண்டுது, உப்பைக் கொட்டிடலாம்” என்றது அணில். ஓணான் தலையாட்டியது.

உப்பு பட்டாலே கரைந்துபோகும் நத்தை வேலியோரம் இருந்தது. செய்தி கேட்ட நிமிஷமே மறுப்புச் சொல்லக் கிளம்பியது. ராப்பகலாக ஊர்ந்தும் நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் மரத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்பு வட்டம்.

“எனக்குச் சம்மதமில்லை!” என்று வெளியிலிருந்தே கத்தியது.

“கெடு முடிஞ்சுபோச்சு. ஆனாலும் பரவாயில்லை, நத்தையண்ணே” என்ற அணில், ஓணானை நகரச் சொல்லி இடம்விட்டது. “மறுப்பை மரத்தடியிலதான் சொல்லணும். உள்ளே வாங்க, இங்கே யாருக்கும் தடையே கிடையாது.”