சுவருக்கு அப்பால் ஒரு விளக்கு

நகரத்தின் விலையுயர்ந்த பகுதியில் நளினா வாங்கிய பழைய, சின்ன ஃப்ளாட்டில் ஒரு சுவிட்ச் எதற்கென்றே தெரியவில்லை. குடிவந்த மறுநாள் காலை அதை அணைத்ததும் பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. “யாரும்மா அணைச்சது? குளிச்சிட்டிருக்கேன்!”

ஒரே வீட்டை அண்ணன் தம்பி இருவர் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தபோது ஒயரைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். மறுபாதியில் தனியாக இருக்கும் கோதண்டத்தின் ஜன்னலில்லாத குளியலறைக்கு விளக்கு அங்கே, சுவிட்ச் இங்கே.

“உங்க பக்கம் கொஞ்சம் கொத்தினா மாத்திடலாம் சார்.”

“புது டைல்ஸ்மா! உள்ள போறப்ப சுவத்துல ஒரு தட்டு தட்டுறேன், வெளிய வந்ததும் ஒரு தட்டு. முன்னாடி இருந்தவங்க அப்படித்தான் போட்டுக் கொடுத்தாங்க.”

“அவங்க ஏன் வித்துட்டுப் போனாங்கன்னு இப்பத்தான் புரியுது. எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுடவா?”

“மீட்டர் என்னோடதும்மா!”

அன்றிலிருந்து மாவுக்கையோடும் சோப்பு நுரையோடும் அவள் சுவிட்சுக்கு ஓடினாள். வாடகை வீட்டில்கூட யாரும் இப்படி ஏவியதில்லை. சொந்த வீடாம்!

இன்று அலுவலகம் கிளம்பும் நேரத்தில் ஒரு தட்டு கேட்டது. போட்டாள். இரண்டாவது தட்டு வரவேயில்லை. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். “என்னதான் பண்றாரு இந்த மனுஷன்!” எரிச்சலில் பட்டென்று அணைத்தாள். கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. மறுபடி போட்டாள். பிறகு, முதன்முறையாக, இந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினாள்.