வெறும் வயிற்றில் முந்நூற்று நாற்பத்திரண்டு

“ரத்த ட்யூபை மாத்திட்டே. ஒத்துக்கிட்டு எழுதிக் கொடு, இதோட விட்டுடறேன்.”

உணவு வைத்தியர் ரிப்போர்ட்டை மேஜையில் அறைந்தார். ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்த நான்கு பேர் செல்போனை விட்டு நிமிர்ந்தார்கள். ஒரு மாத்திரைகூட இல்லாமல், வெறும் சாப்பாட்டாலேயே தன் சர்க்கரை நோயை விரட்டியவர் என்று அவரை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

லேப்பில் வேலை பார்க்கும் பெண் கையுறையைக் கழற்றாமலே நின்றாள். “ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன் சார். அதே முந்நூத்தி நாப்பத்திரெண்டுதான் வருது.”

“அப்ப உன் மெஷினை எடைக்குப் போடு. மூணு வருஷமா நூத்திப்பத்தைத் தாண்டாத உடம்பு இது. எல்லா ரிப்போர்ட்டும் உங்க லேப்ல எடுத்ததுதான்.”

“அந்த ரிப்போர்ட்டையெல்லாம் கொடுத்ததும் நான்தான் சார்.”

“அப்பல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சே. இப்ப கண்ணு எங்கே போச்சு?”

காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். வைத்தியர் மூலையிலிருந்த கேனில் மூன்றாவது டம்ளர் தண்ணீரைப் பிடித்து ஒரே மூச்சில் குடித்தார். சுவரோர நாற்காலியில் அவர் மனைவி மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவருடைய கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடப்பது. அவர் தன் புது ரிப்போர்ட்டைத் திரையில் பெரிதாகக் காட்டுவார். அதைப் பார்த்து, வந்தவர்கள் தங்கள் மாத்திரைகளை மேடைக்குக் கீழே இருக்கும் கூடையில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

“வெளியில ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவன் நான்,” என்றார் காத்திருந்தவர்களைப் பார்த்து. “காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு கீரைச் சாறு. அதுவும் இவ கையால அரைச்சது. ஆரம்பத்துல குடிக்கவே முடியாது, அப்படி ஒரு கசப்பு. இப்ப கொஞ்ச நாளா கசப்பே தெரியல. உடம்பு அவ்வளவு சுத்தமாயிடுச்சு. எனக்கா சர்க்கரை?”

பின்னாலிருந்து யாரோ “அதானே” என்றார்.

“உங்ககிட்ட வந்த ஒரு அம்மாவுக்கும் இதே மாதிரிதான் ஏறிச்சு சார்,” என்றாள் லேப் பெண். “இன்னும் ஒரு மாசம் சாறு குடிங்க, மெஷினை நம்பாதீங்கன்னு அனுப்பினீங்க. போன வாரம் அவங்க கால் விரல் ரெண்டை எடுத்துட்டாங்க.”

“நம்பிக்கை இல்லாமக் குடிச்சா சாறு என்ன பண்ணும்? திருட்டுத்தனமா என்னத்தைத் தின்னாளோ.”

“அவங்க எதையும் திங்கல சார். நீங்க சொன்னதை மட்டும்தான் செஞ்சாங்க.”

அவர் முகம் சிவந்தது. செல்போனை எடுத்து லேப் முதலாளியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். “உங்க லேப் பொண்ணு ட்யூபை மாத்திட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னா பேஷன்ட்கிட்ட எப்படிப் பேசுதுன்னு கேளுங்க. இன்னிக்கே என் வீடியோவுல போடவா, உங்க லேப் பேரோட?”

முதலாளியின் குரல் உடனே இறங்கி வந்தது. “ஐயா, வேணாம் ஐயா. ஏம்மா, ட்யூப் மாறிப்போச்சுன்னு எழுதிக் கொடுத்துடு.”

“மாறலையே சார். அப்படி எழுதினா அப்புறம் எந்த லேப்ல எனக்கு வேலை கொடுப்பாங்க?”

“அது உன் பாடு. எழுதலேன்னா நாளையிலேருந்து இங்கே வராதே.” போன் நின்றது.

வைத்தியர் வெள்ளைத் தாளை அவள் முன் தள்ளினார். “நான் சொல்லச் சொல்ல எழுது. என் கவனக்குறைவால் வேறொருவர் ரத்தத்தை...”

லேப் பெண் கையுறையைக் கழற்றினாள். ஒன்பது வருடத்தில் ஒரு ட்யூபில்கூடப் பெயர் மாற்றி ஒட்டியதில்லை அவள். அதை இங்கே யாரிடம் சொல்வது? காத்திருந்தவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

“கீழே கையெழுத்து. தேதியும் போடு. அழுது காட்டாதே, என்கிட்ட அதெல்லாம் எடுபடாது.”

பேனா தாளைத் தொடுமுன் ஒரு கை குறுக்கே வந்து தாளை உருவிக்கொண்டது. வைத்தியரின் மனைவி எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. தாளை இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக.

“பைத்தியமா உனக்கு? உன்னை யாரு எழுந்து வரச் சொன்னது? போய் உக்காரு!”

அவள் உட்காரவில்லை. துண்டுகளை மேஜை மீது வைத்துவிட்டு, அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“பத்து நாளா உங்க சாறுல நான் மாத்திரை கலக்கறதில்ல.”