இடது கை

முறிந்த மணிக்கட்டில் தகடு வைத்த மருத்துவர், வலது கை இனி முழுசாக மடங்காது என்றபோது துரைப்பாண்டிக்கு முப்பத்தொரு வயது. பதினொரு வருடமாக அந்தக் கையால் கூடைப்பந்து ஆடித்தான் அவன் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். மறுநாளே பல் துலக்குவது, பொத்தான் போடுவது, கையெழுத்து என்று எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினான். மைத்துனியின் கல்யாணப் பந்தியிலும் இடது கையால்தான் சோற்றைப் பிசைந்தான். பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார். மாமனார் பதறி ஓடிவந்தார்.

“மாப்ள, சனமெல்லாம் பாக்குது. ஸ்பூன் கொண்டாரச் சொல்லட்டா?”

“வேண்டாம் மாமா. இந்தக் கைக்குச் சோறே இன்னும் வசப்படல, பந்து எப்படி வசப்படும்?”

ரசம் முழங்கை வரை வழிந்தது. மனைவி எப்சிபா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அவன் இலையில் இன்னொரு கரண்டி ரசம் விடச் சொன்னாள்.

எட்டு மாதம் கழித்து அணித் தேர்வு. “பத்து பந்து. ஏழு விழுந்தா டீம்ல இருக்கே,” என்றார் பயிற்சியாளர். முதல் மூன்றும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. சுவரோரம் நின்ற இளம் ஆட்டக்காரர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அடுத்த ஆறும் விழுந்தன. பத்தாவது, வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

“ஆறுதான் துரை.” பயிற்சியாளர் நோட்டை மூடினார்.

“சரி சார்.”

ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து, அதே கோட்டில் நின்று எறிந்தான். விழுந்தது. மறுபடி எடுத்துவந்து எறிந்தான். சுவரோரம் யாரோ சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் வாசல்வரை போய், திரும்பி நின்றார்.