கோட்லாண்டில் ஒரு வாரம்

“ஸ்வீடன் பக்கத்துல கோட்லாண்டுன்னு ஒரு தீவு. ராத்திரியிலகூட வெளிச்சமா இருக்குமாம்,” என்றார் வேதசிரோமணி, மீன் குழம்பைப் பிசைந்தபடி. “மே மாசம் நாம ரெண்டு பேரும் ஒரு வாரம் போறோம். காலேஜ்ல பழகின பாதிரியார் டிக்கெட் அனுப்புறார்.”

அவர் மனைவி மெட்டில்டா மறுநாளே ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள். விமானத்தை விட்டு இறங்கி எங்கே கப்பல் ஏறுவது, ஊறுகாயை எதில் கட்டுவது என்று தினமும் பேச்சு. இரும்புலியூர் முழுக்கச் சேதி பரவியது. வேலை தேடி வந்து அவர்களோடு தங்கியிருந்த சித்தப்பா மகன் ஜெபராஜ் எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டான்.

ஒருநாள் சாப்பிடும்போது வேதசிரோமணி மெதுவாக ஆரம்பித்தார்.

“வீட்டைப் பூட்டிட்டுத்தான் போகணும், தம்பி. உனக்குத்தான் சிரமம்.”

“எதுக்குண்ணா பூட்டணும்? நான் காவல் இருக்கேன். துணைக்கு என் சம்சாரத்தையும் பிள்ளைங்களையும் ஊர்லேருந்து வரச் சொல்லிட்டேன்.”

வேதசிரோமணிக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

புறப்படும் நாளன்று ஜெபராஜே டாக்சி பிடித்தான். மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வந்து மாலை போட்டு வழியனுப்பினான். கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டரும் மாலையுமாக நின்று இருவரும் கையசைத்தார்கள். அவன் தலை மறைந்ததும் பஸ் பிடித்துப் பல்லாவரத்தில் இறங்கி, மெட்டில்டாவின் அக்கா வீட்டுப் பின்னறையில் போய் ஒளிந்துகொண்டார்கள்.

அன்று மாலை, கையில் உட்கார்ந்த கொசுவை அடித்தபடி மெட்டில்டா சொன்னாள்: “அவனைக் கிளப்புறதுக்கு ஒரு பொய் சொன்னீங்க, சரி. ஊட்டிக்குப் போறோம்னு சொல்லியிருந்தா, ஊட்டிக்காவது போயிருக்கலாம்.”