பெட்டிக்குக் காற்று

ஸ்குரூடிரைவர் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். முதலில் விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பியது அந்த வீட்டு மகளா, அம்மாவா என்பது சரியாக நினைவில்லை. அப்பா கத்தியது நினைவிருக்கிறது.

"இந்த வெயில்ல பெத்தவன் வேகணும், பெட்டிக்குக் காத்தா?"

"உள்ளே தொண்ணூத்தஞ்சு டிகிரிப்பா! இன்னும் ஏறினா கம்ப்யூட்டர் தானாவே நின்னுடும்." மகள் கணினியின் பக்க மூடியைக் கழற்றித் தூசி தட்டினாள். அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் ஓடவிடேன்டி."

"அப்புறம் இன்னைக்கு முடியாதும்மா. முடிஞ்சே ஆகணும்!"

"அதுக்கு நான் வேர்த்துச் சாகணுமா?"

"நல்லாத் திட்டுங்கப்பா!" மகள் திரையைப் பார்த்துத் துள்ளினாள். "எண்பத்தெட்டு... எண்பது! இறங்குதும்மா!"

மாலையில் வேலை முடிந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அடியே, என் கண்ணாடி எங்கே?" என்றது அப்பாவின் குரல்.

"உங்க தலையிலதாங்க இருக்கு!" என்றபடி வந்தவள் திகைத்து நின்றாள். அப்பா வாயைத் திறக்கவேயில்லை. கணினியைக் காட்டிச் சிரித்தார்.

அவர் முன்பே வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்திருந்ததையெல்லாம் கேட்டு, அது அவர் குரலைக் கற்றிருந்தது. மறுநாள் அறுவை சிகிச்சையில் அவருடைய குரல்வளையை எடுத்துவிட இருந்தார்கள். கணினியின் குரலில் குறையிருந்தால், அதற்கு முன்பே அவரை மறுபடி பேசவைத்துப் பதிவு செய்தாக வேண்டும். அவசரம் அதற்குத்தான்.

அப்பா பிழைத்துக்கொண்டார். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அப்பா தட்டச்சு செய்து, கணினி வழியே தன் பழைய குரலில் திட்டுகிறார். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுக்கிறாள். விசிறியை இப்போது அப்பாவே பெட்டிப் பக்கம் திருப்பி வைக்கிறார்.