எழிலுக்கு இடது, கயலுக்கு வலது

"ச்சீ! என்னம்மா இது, செக்குல முக்கி எடுத்த தலையாட்டம்? ஒரே பிசுக்கு!"

மூளை நிபுணர் அறிவுச்செல்வன் கையை உதறினார். 'கயல்' என்று கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்த சிறுமியின் நெற்றியை அவர் துடைத்த துடைப்பில் ஒரு கைக்குட்டை உயிரை விட்டது. இரட்டையரில் மூத்தவள் எழிலுக்குச் சோதனை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"எண்ணெயே வெக்கலீங்க சார். காலையிலதான் சீயக்காய் போட்டு அலசி, கீழ்பென்னாத்தூர்லேந்து மொத பஸ்ல கூட்டியாந்தேன்" என்றாள் தாய் பாஞ்சாலை.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

முகத்தைச் சுளித்தபடியே நெற்றியில் ஏதோ பசையை அப்பி, வயர்களை ஒட்டினார். அந்தப் பசையின் நாற்றத்துக்குக் கிரிவலம் போனவர்களே பாதியில் திரும்பியிருப்பார்கள்.

திருவண்ணாமலையின் அந்தத் தனியார் பள்ளிக்கு 2004இல் விஞ்ஞானப் பித்து முற்றியிருந்தது. மூளையில் எந்தப் பக்கம் ஜாஸ்தி வேலை செய்கிறதென்று பார்த்து, பிள்ளைகளை அதற்கேற்ற செக்‌ஷனில் போடுவார்களாம். இன்றுதான் கடைசி நாள். சோதனைக்கு வராத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் இடமே கிடையாது என்று தாளாளர் பலராமன் கறாராகச் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டர் லாரி மாதிரி உறுமியது. திரையில் கோடுகள் மலையேறி இறங்கின. அறிவுச்செல்வனுக்குப் பரவசம் தாங்கவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பலராமனிடம் திரும்பினார்.

"பாருங்க சார்! அக்காவுக்கு இடது மூளை, கணக்குல புலி. இந்தப் பொண்ணுக்கு அப்படியே வலது. கணக்கு ஒரு சொட்டு ஏறாது. பாட்டு, படம், களிமண் பொம்மைன்னு விட்டுடணும்."

"அப்ப எழில் ஏ செக்‌ஷன், கயல் டி செக்‌ஷன்" என்றார் பலராமன். "டி-க்குக் கணக்குப் புஸ்தகமே கெடையாது."

பாஞ்சாலை மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா சார் அக்கிரமம்! வீட்ல அக்காவுக்கே கணக்கு சொல்லித் தர்றவ கயலு. அவகிட்டேந்து புஸ்தகத்தப் புடுங்கிட்டு களிமண்ணக் குடுப்பீங்களா?"

"பெத்த பாசம், அப்படித்தான் தோணும். இரட்டைப் புள்ளைங்களுக்கு மூஞ்சிதாம்மா ஒண்ணு. மூளை வேற வேற. மொத்த அமெரிக்காவே ஒத்துக்கிச்சு."

"இன்னொரு வாட்டிதான் பாருங்களேன்."

"ஒரே தலைய ஆயிரம் வாட்டி பார்த்தாலும் ஒரே பதில்தாம்மா வரும். நேரத்துக்கு ஒண்ணு பேச மிஷின் என்ன மனுஷனா?"

பலராமன், "நல்லா சொன்னீங்க" என்று தலையாட்டிவிட்டு, கயலை டி செக்‌ஷனில் சேர்க்கப் பேனாவைத் திறந்தார்.

பாஞ்சாலை மகளின் நெற்றிப் பசையை விரலால் வழித்து, அவருடைய மேசை விளிம்பில் அழுத்தித் தேய்த்தாள்.

"கயலுக்குப் பொன்னுக்குவீங்கி சார், ஊர்ல படுத்திருக்கா. வரலன்னா இடமில்லன்னீங்களேன்னு, ரெண்டு வாட்டியும் எழிலத்தான் உக்கார வெச்சேன்!"